அஸ்தம்பட்டி ஞாயித்துக்கிழமை சட்ட வகுப்பு, ராபர்ட் வாக்னர் தொடர்: போலாமா வேண்டாமா?

சேலத்துல ஜூனியரா பிராக்டீஸ் பண்றவங்க, சட்டக் கல்லூரி பசங்க, யூனியன் வேலை பாக்கறவங்க, இவங்களுக்குத்தான் முக்கியமா இத எழுதறேன். அஸ்தம்பட்டில கோர்ட்டுலருந்து நடந்து போற தூரத்துல ஒரு ரெண்டாவது மாடில, ரிட்டயர்டு லேபர் வக்கீல் ஒருத்தர் ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வகுப்பு எடுக்கறாரு. போர்டு கிடையாது, விளம்பரம் கிடையாது, ஒருத்தர் சொல்லி ஒருத்தர்னு ஆளு சேருது. தொடருக்கு ஒரு வக்கீலோட வாழ்க்கைய எடுத்துக்குவாரு, ஆறு வாரம் ஓடும், மொத்தமா 600 ரூபா, ஸ்டூடண்ட்னா பாதி. வகுப்பு முழுக்க தமிழ்தான், சட்டச் சொல்லு மட்டும் கோர்ட்ல நாம பேசற மாதிரி இங்கிலீஷ்ல வரும். இந்தத் தடவ எடுத்தது நியூயார்க் மாநில சட்டசபையில இருந்த ராபர்ட் வாக்னர்ங்கற வக்கீல். சேந்தவங்கள்ல பாதிப் பேருக்கு அவரு பேரே தெரியாது, தொழிலாளிக்கு யூனியன் சேர உரிமை குடுத்த அமெரிக்கச் சட்டம் "வாக்னர் ஆக்ட்"னு எங்கயோ பரீட்சைக்குப் படிச்ச ஞாபகம் கொஞ்சப் பேருக்கு இருந்துச்சு, அவ்வளவுதான்.

என் முடிவ முதல்லயே சொல்லிடறேன், தாராளமா போங்க. சட்டத்த நாம பிரிவு நம்பராத்தான் படிக்கறோம், அந்தப் பிரிவு எப்படி வந்துச்சு, யாரு எங்க போய் எதப் பாத்துட்டு வந்து எழுதுனாங்கனு யாரும் சொல்லிக்குடுக்கறது இல்ல. இந்த வகுப்பு அதத்தான் சொல்லிக்குடுக்குது. குறையும் இருக்கு, அதையும் கீழ சொல்றேன்.

வாக்னர் பொறந்தது 1877ல ஜெர்மனில, நாஸ்டேட்டன்னு ஒரு ஊரு. சின்னப் பையனா 1880கள் நடுவுல குடும்பத்தோட நியூயார்க் வந்தாங்க. அப்பாவுக்கு வாடகைக் குடியிருப்புல வாட்ச்மேன், துப்புரவு மாதிரி வேலை. பையன் அரசாங்கப் பள்ளிக்கூடம், அப்புறம் சிட்டி காலேஜ்ல 1898ல டிகிரி, 1900ல நியூயார்க் லா ஸ்கூல் முடிச்சு அதே வருஷம் வக்கீலாயிட்டாரு. இந்த 1900ஐ சொன்ன உடனே சார் நிறுத்தி, அந்த வருஷம் நம்ம சேலத்துல யாரு பிராக்டீஸ் ஆரம்பிச்சாங்கன்னு கேட்டாரு. ராஜாஜி. ரெண்டு பேருக்கும் ஏறக்குறைய ஒரே வயசு, ஒரே வருஷம் கோர்ட்டுக்குள்ள கால் வச்சவங்க, ராஜாஜி 1917ல சேலம் நகராட்சி சேர்மன் ஆகறப்போ வாக்னர் நியூயார்க் மாநில மேல்சபையான செனட்ல மூத்த ஆளு. இந்த மாதிரி நம்ம ஊர்ல கொண்டுவந்து கட்டி வைக்கிறது சாரோட பலம், அதுக்கப்புறம் எந்த வருஷத்தச் சொன்னாலும் மனசுல நிக்குது.

வாக்னர் அரசியலுக்கு வந்த கதைய சார் பூசி மெழுகலை, அது எனக்குப் பிடிச்சுது. டாமனி ஹால்னு நியூயார்க் டெமாக்ரடிக் கட்சியோட உள்ளூர் அமைப்பு ஒண்ணு, வந்தேறிக் குடும்பங்களுக்கு வேலை வாங்கிக் குடுக்கறது, நிலக்கரி குடுக்கறது, பதிலுக்கு ஓட்டு வாங்கறது, ஊழலுக்கும் பேர் போனது. வாக்னர் அந்த அமைப்போட ஆளாத்தான் 1905ல மாநிலக் கீழ்சபைக்குப் போனாரு. அங்க அவரு கொண்டு வந்ததுல ஒண்ணு, கோனி ஐலண்ட் கடற்கரைக்குப் போற ரயில் கட்டணத்த அஞ்சு சென்ட்டாக் குறைக்கற மசோதா. ஞாயித்துக்கிழமை குடும்பத்தோட கடலுக்குப் போற தொழிலாளிக்கு அது பெரிய விஷயம். ரெண்டு சபையும் நிறைவேத்துச்சு, கவர்னர் ஹியூஸ் வீட்டோ பண்ணிட்டாரு. அந்த ஹியூஸ்தான் பின்னாடி அமெரிக்க சுப்ரீம் கோர்ட் தலைமை நீதிபதி ஆகி, 1937ல வாக்னர் ஆக்ட் செல்லும்னு தீர்ப்பு எழுதுனவரு. இத முதல் வாரத்துலயே சொல்லிட்டு, அஞ்சாவது வாரம் அந்தத் தீர்ப்பு வரும்போது பேர ஞாபகம் வச்சிருக்கீங்களான்னு கேட்டாரு.

1909ல மேல்சபை, 1911ல அந்தச் சபையில பெரும்பான்மைக் கட்சித் தலைவரு, வயசு முப்பத்தி மூணு. அதே வருஷம் கீழ்சபையில பெரும்பான்மைத் தலைவரு ஆல் ஸ்மித், அவரும் டாமனி ஆளுதான், மீன் மார்க்கெட்ல வேலை பாத்து வந்தவரு, வக்கீல் இல்ல. இவங்க ரெண்டு பேரும் ஒரே நேரத்துல அந்த இடத்துல உக்காந்திருந்ததுதான் அடுத்து நடந்த எல்லாத்துக்கும் காரணம்.

இரண்டாவது வாரம் முழுக்க ட்ரையாங்கிள் தீ விபத்து. 1911 மார்ச் 25, சனிக்கிழமை, வேலை முடியற நேரம். நியூயார்க்ல ஆஷ் பில்டிங்னு பத்து மாடிக் கட்டடம், மேல மூணு மாடில ட்ரையாங்கிள்ங்கற, பெண்கள் சட்டை தைக்கற கம்பெனி, தைக்கறவங்க பெரும்பாலும் யூத, இத்தாலியக் குடும்பத்து இளம் பொண்ணுங்க. எட்டாவது மாடில தீ பிடிச்சுது. ஒம்பதாவது மாடில ஒரு பக்கத்துக் கதவு பூட்டியிருந்துச்சு, பொண்ணுங்க துணி திருடிட்டுப் போயிடக்கூடாதுன்னு ஒரே வாசல் வழியா அனுப்பி பையச் சோதிக்கற பழக்கம். வெளிப்பக்கம் இருந்த இரும்புப் படிக்கட்டு கனம் தாங்காம முறிஞ்சு விழுந்துச்சு. தீயணைப்பு வண்டியோட ஏணி ஆறாவது மாடி வரைக்கும்தான் எட்டுச்சு. 146 பேரு செத்துப் போனாங்க, நிறையப் பேரு ஜன்னல்லருந்து குதிச்சு. கட்டடத்துக்குப் பெருசா சேதம் கிடையாது, அது தீப்பிடிக்காத கட்டடம், இப்பவும் நியூயார்க் பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமா நிக்குது. "கட்டடம் தப்பிச்சிருச்சு, அப்ப கட்டட விதி சரி, எது தப்பு?" இத போர்டுல எழுதி வச்சுட்டு சார் பத்து நிமிஷம் எங்களையே பேச விட்டாரு. அந்த விவாதம் நல்லாப் போச்சு, செவ்வாய்பேட்டைல கொலுசுப் பட்டறை வச்சிருக்கற ஒரு அண்ணன், "எங்க தெருவுல வீடே பட்டறை, கேஸ் சிலிண்டரும் அங்கதான், வாசலும் ஒண்ணுதான், நாங்க எங்க போய் ரெண்டாவது வாசல் வைக்கறது"ன்னு கேட்டாரு. அதுக்கு சார் பதில் சொல்லாம நழுவல, சின்னப் பட்டறை எந்தச் சட்டத்துக்குள்ள வரும், எது வெளிய நிக்கும், ஆள் எண்ணிக்கை எப்படிக் கணக்கு பண்றதுன்னு அப்பவே சொன்னாரு.

அந்த கம்பெனி முதலாளிங்க மாக்ஸ் பிளாங்க், ஐசக் ஹாரிஸ் மேல கொலை ஆகாத மரணம் விளைவிச்ச (manslaughter) வழக்கு நடந்துச்சு. இந்த விசாரணைதான் என்னைப் பொறுத்த வரைக்கும் மொத்த தொடர்லயும் உச்சம், கோர்ட்ல நிக்கற யாரும் இதக் கேக்கணும். முதலாளி தரப்பு வக்கீல் மாக்ஸ் ஸ்டூயர். அரசுத் தரப்புல கேட் ஆல்டர்மன்னு ஒரு பொண்ணு சாட்சி, தோழி தீயில சிக்குனத கண்ணால பாத்தவ. அவ சொல்லி முடிச்சதும் கூட்டமே கலங்கி உக்காந்திருக்கு. ஸ்டூயர் எந்திரிச்சு அதட்டல, மிரட்டல, "அம்மா, அத இன்னொரு தடவ சொல்லுங்க"ன்னாரு. சொன்னா. மறுபடியும் சொல்லச் சொன்னாரு. சொன்னா. வார்த்தைக்கு வார்த்தை கிட்டத்தட்ட அதேதான், அதே உவமை, அதே வரிசை. அவ பொய் சொல்லல, ஆனா யாரோ சொல்லிக்குடுத்து மனப்பாடம் பண்ண மாதிரி ஜூரிக்குத் தோண வச்சுட்டாரு. அது மேல, அந்தக் கதவு அந்த நேரத்துல பூட்டியிருக்குன்னு முதலாளிக்குத் தெரியும்னு சந்தேகமில்லாம நிரூபிக்கணும்னு நீதிபதி ஜூரிக்குச் சொன்னாரு. 1911 டிசம்பர்ல ரெண்டு பேரும் விடுதலை.

இத சார் ஒரு கதையாச் சொல்லல, நடிச்சே காட்டச் சொன்னாரு. எங்கள்ல ஒரு பொண்ணு சாட்சி, ஒரு தம்பி ஸ்டூயர். மூணாவது தடவ அந்தப் பொண்ணு அதே வரியச் சொல்றப்போ ரூம்ல இருந்த எல்லாருக்கும் விஷயம் புரிஞ்சுபோச்சு. நான் இப்ப ஒரு இழப்பீட்டுக் கேஸ்ல சீனியருக்கு உதவியா இருக்கேன், மில்லுல கை போன ஒருத்தரோட கேஸ். சாட்சிக்கு பேப்பர்ல எழுதிக்குடுத்து படிச்சுட்டு வரச் சொல்றது இங்க சாதாரணமா நடக்கற விஷயம். நான் அதுக்கப்புறம் அவங்கள உக்கார வச்சு, என்ன நடந்துச்சுன்னு அவங்க வாயால அவங்க வரிசையில சொல்ல விட்டு, சந்தேகம் வர்ற இடத்துல மட்டும் கேக்கறேன். மெஷின் எந்தப் பக்கம் ஓடுச்சு, மெஷினோட பாதுகாப்பு மூடிய யாரு கழட்டுனா, அன்னிக்கு எத்தன மணி ஷிஃப்ட், இதெல்லாம் தானா வருது, எழுதிக்குடுத்த பேப்பர்ல இதுல பாதிகூட இல்ல. 600 ரூபாய்க்கு எனக்கு இது ஒண்ணே போதும்.

இன்னொரு விஷயம், நான் எங்கயும் படிக்காதது. தீ பிடிச்சது மார்ச் 25. அதுக்கு முந்தின நாளு, மார்ச் 24, நியூயார்க்கோட உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் 'ஐவ்ஸ்' வழக்குல ஒரு தீர்ப்பு குடுத்துச்சு. 1910ல மாநிலம் கொண்டு வந்த தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் செல்லாது, முதலாளி தப்பே பண்ணாதப்போ அவன்கிட்ட காசு வாங்கிக் குடுக்கறது அவன் சொத்துரிமையப் பறிக்கறதுன்னு. ஒரு நாள் இடைவெளி. தீயில ஆளப் பறிகுடுத்து சிவில் வழக்குப் போட்ட குடும்பங்களுக்கு 1914ல சமரசமா கிடைச்சது ஒரு உயிருக்கு 75 டாலர். ஐவ்ஸ் தீர்ப்புக்கப்புறம் மாநில அரசியல் சாசனத்தையே திருத்தி, 1913 நவம்பர்ல மக்கள் ஓட்டுப் போட்டு ஒத்துக்கிட்டு, அந்த டிசம்பர்லயே புதுச் சட்டம் கொண்டு வந்தாங்க, அப்ப செனட்ட நடத்துனது வாக்னர். நம்ம நாட்டுல இந்தச் சட்டம் 1923ல வந்துச்சு. கோர்ட் அடைச்ச வழிய சட்டசபை எப்படி சுத்திப் போய்த் திறந்துச்சுன்னு இத விடத் தெளிவா ஒரு உதாரணம் எனக்குத் தெரிஞ்சு இல்ல.

சரி, மூணாவது வாரம். தொழிற்சாலை விசாரணைக் கமிஷன். தீ விபத்து நடந்த மூணு மாசத்துல கமிஷன் அமைச்சாங்க, தலைவர் வாக்னர், துணைத் தலைவர் ஸ்மித். கமிஷன்னா நமக்கு ஒரு அபிப்ராயம் இருக்கு, ரிட்டயர்டு ஜட்ஜ் ஒருத்தர், கால நீட்டிப்பு, தடிமனா ஒரு அறிக்கை, அலமாரி. இங்க கமிஷன்ல உக்காந்தவங்களே சட்டசபைல ஓட்டு சேக்கறவங்க. சாட்சி கேட்டவரும் மசோதா போட்டவரும் ஒரே ஆளு. அறிக்கைய யாருகிட்டயும் குடுத்துட்டு காத்திருக்க வேண்டியதில்ல. சம்மன் அனுப்பற அதிகாரம் இருந்துச்சு, முதல் வருஷத்துலயே 1,836 இடங்களச் சோதிச்சாங்க, 222 சாட்சிங்க, வாக்குமூலம் மட்டும் 3,489 பக்கம். தீ பத்தி மட்டும் நிறுத்தல. காத்து, வெளிச்சம், கழிப்பறை, ஈய விஷம், ராத்திரி வேலை, குழந்தைங்க வேலை, வீட்டுல வச்சு தைக்கற வேலைன்னு போய்ட்டே இருந்துச்சு.

இதுல ஃபிரான்சஸ் பெர்கின்ஸ்னு ஒரு அம்மா வர்றாங்க. தீ பிடிச்ச அன்னிக்கு பக்கத்துல ஒரு வீட்டுல இருந்து ஓடிவந்து, பொண்ணுங்க விழறத நேர்ல பாத்தவங்க. பின்னாடி 1933ல அமெரிக்காவோட தொழிலாளர் துறைக்கு அமைச்சர் ஆனாங்க, அந்த நாட்டு மந்திரிசபையில முதல் பெண். இவங்கதான் கமிஷன் ஆளுங்கள ஒவ்வொரு இடமா கூட்டிட்டுப் போனது. ஒரு ஃபேக்டரில சுவத்துல ஒரு சின்ன ஓட்டை, அதுக்கு வெளிய ஐஸ் படிஞ்ச ஏணி, அந்த ஏணியும் தரைக்கு பன்னெண்டு அடி மேலயே முடிஞ்சுபோகுது. தீப்பிடிச்சா தப்பிக்கற வழின்னு அதுக்குத்தான் பேரு. அந்தம்மா செனட் தலைவர் வாக்னர அந்த ஓட்டைக்குள்ள தவழ்ந்து போக வச்சாங்க. கோட் சூட் போட்டவரு முட்டி போட்டு வெளிய தலைய நீட்டி, ஏணி எங்க முடியுதுன்னு தானே பாத்தாரு. ஸ்மித்த விடியக்காலம் ஒரு கயிறு ஃபேக்டரி வாசலுக்குக் கூட்டிட்டுப் போய், ராத்திரி ஷிஃப்ட் முடிச்சு பொண்ணுங்க வெளிய வர்றதப் பாக்க வச்சாங்க. டப்பால காய்கறி அடைக்கற ஃபேக்டரிகள்ல அஞ்சு வயசு, ஆறு வயசுக் குழந்தைங்க பீன்ஸ் நறுக்கறதப் பாத்தாங்க, கமிஷன் ஆளுங்க தொழிலாளிங்க மாதிரியே அங்க வேலைக்குச் சேந்து உள்ள நடக்கறத எழுதிட்டு வந்தாங்க.

இந்த இடத்துல சார் ஒரு வேலை குடுத்தாரு, நீங்க அடிக்கடி போற ஏதாவது ஒரு கட்டடத்துல ரெண்டாவது வழி எங்க இருக்கு, அது திறக்குமா, எந்தப் பக்கமா திறக்கும்னு பாத்துட்டு வரணும். ஜவுளிக் கடை, டியூஷன் சென்டர், ஹாஸ்டல், கல்யாண மண்டபம்னு ஆளாளுக்கு பாத்துட்டு வந்தாங்க. நான் பாத்த இடத்துல பின்பக்கக் கதவு இருந்துச்சு, கதவுக்கு முன்னாடி நூல் மூட்டை ஆள் உயரத்துக்கு அடுக்கி, மேல ஒரு சாமி படமும் மாலையும். மூட்டைய எடுத்தாலும் அந்தக் கதவு உள்பக்கமாத்தான் திறக்கும், கூட்டம் தள்ளுனா திறக்கவே திறக்காது. ஒருத்தங்க எழுதிட்டு வந்தது நம்ம வகுப்பு நடக்கற மாடியப் பத்தியே. ஒரே ஒரு ஒடுக்கமான படிக்கட்டு, பின்னாடி கிரில் கேட்டு பூட்டியிருக்குன்னு சார் முன்னாடியே வாசிச்சாங்க. அடுத்த வாரம் பூட்டு இல்ல. ஆனா அந்த இடத்துல தண்ணி கேன் அடுக்கி வச்சிருக்காங்க, இத எழுதற வரைக்கும் அது அங்கதான் இருக்கு. சார், இதப் படிச்சீங்கன்னா அந்த கேன எல்லாம் கீழ இறக்கி வைக்கச் சொல்லுங்க.

கமிஷனால வந்த சட்டங்கள் முப்பதுக்கும் மேல. பேக்டரி கதவு வேலை நேரத்துல பூட்டக்கூடாது, தீ ஒத்திகை நடத்தணும், உயரமான கட்டடத்துல தானா தண்ணி தெளிக்கற ஸ்பிரிங்க்ளர், பேக்டரிக்குள்ள பீடி சிகரெட் கிடையாது, ஏழு நாள்ல ஒரு நாள் ஓய்வு, குழந்தைங்க வேலைக்குத் தடை, இப்படி. நாம படிச்ச 1948 தொழிற்சாலைகள் சட்டத்துல பிரிவு 38 தீ, பிரிவு 52 வார விடுமுறை, பிரிவு 67 பதினாலு வயசுக்குக் கீழ வேலை கூடாதுன்னு இருந்துச்சில்ல (2025 நவம்பர்ல புது தொழிலாளர் சட்டத் தொகுப்பு வந்து அந்தச் சட்டம் போயிருச்சு), அத பக்கத்துல பக்கத்துல வச்சு ஒரு சார்ட் குடுத்தாரு. 1912ல பெண்களுக்கு வாரம் 54 மணி நேரம்னு ஒரு சட்டம் வந்துச்சு, அதுல காய்கறி டப்பா ஃபேக்டரிகள விட்டுட்டாங்க, இல்லைன்னா மசோதாவே தோத்துருக்கும், பெர்கின்ஸ் அம்மா அந்த இடத்துல விட்டுக்குடுத்து மீதிய வாங்குனாங்க. அது சரியா தப்பான்னு எங்களுக்குள்ள பெரிய சண்டை. என் கருத்து, சரிதான், நாலு லட்சம் பேருக்கு இன்னிக்கு கிடைக்கறத விட்டுட்டு எல்லாருக்கும் என்னிக்கோ கிடைக்கும்னு உக்கார முடியாது. எதிர்ப்பக்கம் பேசின அக்கா, டப்பா ஃபேக்டரில இருந்த பொண்ணுங்ககிட்ட போய் இதச் சொல்ல முடியுமான்னு கேட்டாங்க, அதுக்கு எங்கிட்ட பதில் இல்ல.

நடுவுல இருபது நிமிஷம் பிரேக். கீழ தெருமுனைல தட்டுவடை செட் வண்டி நிக்கும், பீட்ரூட் கேரட் துருவலும் ரெண்டு சட்னியும் வச்சு, நொறுங்கல் வேணும்னா அதுவும் கிடைக்கும். பாதி விவாதம் அங்கதான் நடக்குது, சாரும் இறங்கி வந்துருவாரு. மேல போனா டீ, அதுக்கு தனியா காசு கிடையாது.

நாலாவது வாரம் எனக்கு ஏமாத்தம். 1913ல கவர்னர் சல்சர் டாமனியோட மோதி, இம்பீச்மென்ட் (பதவிநீக்க விசாரணை) ஆகி பதவி போனது, துணை கவர்னரே கவர்னர் ஆனதால வாக்னர் தற்காலிக துணை கவர்னர் ஆனது, இத ஒன்றரை மணி நேரம் இழுத்தாரு. யாரு யாருக்கு எதிரின்னு பேரு மேல பேரா வந்துச்சு, பின் வரிசைல ரெண்டு பேரு போன நோண்ட ஆரம்பிச்சுட்டாங்க. அதனால வாக்னர் நியூயார்க் சுப்ரீம் கோர்ட் நீதிபதியா இருந்த 1919லருந்து 1926 வரைக்கும் உள்ள காலத்துக்கு அரை மணி நேரம்தான் மிச்சம். அங்கதான் விஷயமே இருக்கு. (நியூயார்க்ல சுப்ரீம் கோர்ட்ங்கறது விசாரணை கோர்ட்தான், மேல்முறையீடு அதுக்கு மேல, ஸ்டூடண்ட்ஸ் இத குழப்பிக்காதீங்க.) 1921 கடைசில துணித் தொழில் முதலாளிங்க சங்கம் யூனியனோட போட்ட ஒப்பந்தத்த பாதில முறிச்சு, பீஸ் ரேட்டுக்கு (தைச்ச எண்ணிக்கைக்குக் கூலி) மாத்தி வேலை நேரத்தையும் கூட்டப் பாத்தாங்க. அதுவரைக்கும் இன்ஜங்ஷன்னா (கோர்ட் போடற தடை உத்தரவு) முதலாளி வாங்கி ஸ்ட்ரைக்க ஒடைக்கற ஆயுதம். யூனியன் கோர்ட்டுக்கு வந்து முதலாளிக்கு எதிரா இன்ஜங்ஷன் கேட்டுச்சு, 1922ல வாக்னர் குடுத்தாரு. ஒப்பந்தம்னா ரெண்டு பக்கத்தையும் கட்டும், அவ்வளவுதான் அதோட சாரம். மேல்கோர்ட்டும் அத உறுதி பண்ணுச்சு. இந்தத் தீர்ப்ப வரி வரியா படிச்சிருக்கணும், அடுத்த பேட்ச்ல சல்சர அரை மணி நேரமாக் குறைச்சு இதுக்கு ஒரு முழு வாரம் குடுத்தா தொடரே வேற மாதிரி ஆயிரும்.

அஞ்சாவது வாரம் வாக்னர் ஆக்ட், 1935. அவரு 1927லருந்து அமெரிக்க செனட்ல, ரூஸ்வெல்ட் பிரசிடெண்ட். தொழிலாளி யூனியன் சேர உரிமை, முதலாளி யூனியனோட உக்காந்து பேசியே ஆகணும், யூனியன்ல சேந்தான்னு வேலைய விட்டுத் தூக்கக்கூடாது, இத மீறுனா விசாரிக்க ஒரு தேசிய வாரியம். 1937ல ஜோன்ஸ் அண்ட் லாஃப்லின் ஸ்டீல் கம்பெனி வழக்குல 5க்கு 4ன்னு தப்பிச்சுது. 2025 வரைக்கும் நடப்புல இருந்த நம்ம தொழில் தகராறு சட்டத்துல 1982 திருத்தத்துல வந்த அஞ்சாவது அட்டவணை இருந்துச்சே, நியாயமற்ற தொழில் நடவடிக்கைகள் பட்டியல், அதுல அங்கீகாரம் பெற்ற சங்கத்தோட நல்லெண்ணத்தோட பேச மறுக்கறதும் ஒண்ணு. அந்தச் சிந்தனை எங்கருந்து வருதுன்னு அன்னிக்குத்தான் எங்களுக்கு வெளிச்சமாச்சு.

ஏற்காட்டுலருந்து ஒரு தம்பி வர்றாரு, அப்பா அம்மா காப்பி எஸ்டேட்ல வேலை, இவரு சட்டம் ரெண்டாவது வருஷம். கடைசி பஸ்ஸ புடிக்கணும்னு எப்பவும் சீக்கிரம் எந்திரிச்சுருவாரு. அன்னிக்கு அவரு கேட்ட கேள்விதான் தொடர்லயே நல்ல கேள்வி: "சார், இந்தச் சட்டத்துல எஸ்டேட் ஆளு வருவாங்களா?" வரமாட்டாங்க. விவசாயத் தொழிலாளியும் வீட்டு வேலை பாக்கறவங்களும் வாக்னர் ஆக்டுக்கு வெளிய. தென் மாநிலங்கள்ல அந்த வேலை பாத்தவங்கள்ல கறுப்பினத்தவங்கதான் நிறைய. சார் இத மறைக்கல, வாக்னர் கறுப்பினத்தவங்கள அடிச்சுக் கொல்ற கும்பலுக்கு எதிரா 1930கள்ல மசோதா கொண்டு வந்ததையும், தென் மாநில செனட்டருங்க பேசிப் பேசியே அதக் கொன்னதையும் சொல்லிட்டு, அப்படிப்பட்டவரோட சட்டத்துலயே இந்த ஓட்டை இருக்குன்னும் சொன்னாரு. அப்புறம் 2025 வரைக்கும் நடப்புல இருந்த நம்ம 1951 தோட்டத் தொழிலாளர் சட்டத்த எடுத்தாரு, அஞ்சு ஹெக்டேர், பதினஞ்சு ஆளுன்னு வரம்பு, வீடு, ஆஸ்பத்திரி, குழந்தைங்கள விட்டுட்டுப் போற காப்பகம் எல்லாம் எஸ்டேட் குடுக்கணும்னு. அந்தத் தம்பி சேர்வராயன் மலைல அஞ்சு ஹெக்டேருக்குக் கீழ எத்தனையோ தோட்டம் இருக்கு சார்னாரு. அன்னிக்கு அவரு பஸ்ஸ விட்டுட்டாரு, எங்கள்ல ஒருத்தரு வீட்டுல தங்கிட்டு விடியக்காலம் மலையேறிப் போனாரு.

ஆறாவது வாரம் வாக்னரோட கடைசிக் காலம். 1947ல யூனியனுக்குக் கட்டுப்பாடு போட்ட டாஃப்ட் ஹார்ட்லி சட்டம் அவரு சட்டத்தோட பல்லப் புடுங்குச்சு, அவரு அப்ப உடம்பு முடியாம செனட்டுக்கே சரியா வர முடியாத நிலை, 1949ல ராஜினாமா, 1953ல காலமாயிட்டாரு. பையன் அடுத்த வருஷமே நியூயார்க் மேயர். இத சீக்கிரமா முடிச்சுட்டு மீதி நேரம் கேள்வி பதில்.

இனி குறைங்க. ஆறு மணின்னா ஆறரைக்குத்தான் ஆரம்பிக்கறாங்க, ஓமலூர், ஆத்தூர்னு தூரத்துலருந்து வர்றவங்களுக்கு அந்த அரை மணி நேரம் ரொம்பப் பெருசு. ஜெராக்ஸ் தாள் ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுத்தது, ட்ரையாங்கிள் ஒம்பதாவது மாடி வரைபடத்துல கதவு எந்தப் பக்கம்னே தெரியல, அதுதான் அன்னிக்கு பாடமே. ஃபேன் சத்தம் பின் வரிசைக்கு சாரோட குரல அமுக்குது, ஒரு சின்ன மைக் வாங்கிட்டா போதும். ரெக்கார்டிங் தர மாட்டாங்க, ஒரு வாரம் விட்டா போனது போனதுதான். வண்டி நிறுத்த இடம் குறைவு, டூ வீலர்னா பரவால்ல, கார் கொண்டு வராதீங்க. பெண்கள் தைரியமா வரலாம், பாதிக்குப் பாதி பெண்கள்தான், முடியும்போது நாலு ரோடு, புது பஸ் ஸ்டாண்ட் பக்கம் போறவங்க சேந்துதான் கிளம்பறோம்.

யாருக்கு ஒத்து வராது? பரீட்சைக்கு நோட்ஸ் எதிர்பாக்கறவங்களுக்கு. மாதிரி வினா, குறுக்கு வழி எதுவும் கிடையாது. சிவில் பக்கம் மட்டுமே பாக்கறவங்களுக்கும் ரெண்டாவது வார விசாரணையும் 1922 இன்ஜங்ஷனும் உதவும், மீதி ஆர்வத்தப் பொறுத்தது. தொழிலாளர் கேஸ் பாக்கறவங்க, பட்டறை, மில்லு நடத்தறவங்க, சங்கத்துல பொறுப்புல இருக்கறவங்க கண்டிப்பா வரணும், முதலாளிங்க வந்தா எனக்கு இன்னும் சந்தோஷம்.

அடுத்த தொடர் நம்ம சேலம் விஜயராகவாச்சாரியார்னு சொல்லியிருக்காங்க. 1882 சேலம் கலவர வழக்குல தண்டனை வாங்கி, மேல்முறையீட்டுல விடுதலையாகி, பின்னாடி மெட்ராஸ் சட்ட மேலவை, அப்புறம் டெல்லி சட்டசபை, 1920 நாக்பூர் காங்கிரஸ் தலைவர்னு போனவரு. அவரு இருந்த ஊர்லயே உக்காந்து அவரு கேஸப் படிக்கப் போறோம், நான் பேரு குடுத்துட்டேன். சீட்டு சீக்கிரம் முடிஞ்சுருது, சேரணும்னு நினைக்கறவங்க ஒரு ஞாயித்துக்கிழமை அஞ்சே முக்காலுக்கு நேரா மாடிக்குப் போய் நோட்டுல பேரு எழுதிட்டு வந்துருங்க, போன்ல பதிவு பண்ண மாட்டாங்க.